மாற்றித் தருவதாகச் சொன்ன ஸ்விட்ச்

எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தின் செயலாளர் கவிதா, ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று முறை என் வீட்டுப் படியேறிவிட்டார். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவர். பிடித்தால் விட மாட்டார். முதல் இரண்டு தடவை முழங்கால் வலி, கண் ஆபரேஷன் என்று ஏதோ சொல்லித் தப்பித்தேன். மூன்றாம் தடவை நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், புயலப்போ கன்ட்ரோல் ரூம்ல செஞ்சீங்கள்ல, பட்டனை ரெண்டு தடவ அமுக்குங்கன்னு சொல்லி? அத எழுதுங்க போதும். புதுசா லைசென்ஸ் வாங்குற பிள்ளைங்களுக்கெல்லாம் அதத்தான் பாடமாச் சொல்லிக் குடுக்குறோம்."

எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். அதைத்தான் எழுதவும் போகிறேன். ஆனால் கவிதா நினைக்கிற மாதிரி வராது. படித்துவிட்டு மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

முதலில் என்னைப் பற்றி. முப்பத்து நாலு வருஷம் காவல்துறை வயர்லெஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பேர் சுப்பையா. ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேலை கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து ரிட்டயர் ஆன நாள் வரை ஸ்டேஷன் செட்டு, ஜீப் செட்டு, கையில் பிடிக்கிற செட்டு என்று பேசாததைப் பேச வைப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் ஹாம் ரேடியோ, அரசாங்க லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ஊர் ஊராகப் பேசுகிற ரேடியோ. பகலெல்லாம் ரேடியோவோடு மாரடித்துவிட்டு வீட்டிலுமா என்று என் மனைவி கேட்காத நாள் கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு மேல் இருந்தவர் ஆறுமுகம் சார். அவர் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அந்த 'வாங்க'வுக்குப் பயந்து சட்டை நனைந்தவர்கள் உண்டு. அவரிடம் ஒரு வழக்கம். ரிப்பேருக்கு வந்த செட்டைத் திறக்கும் முன் கோளாறுச் சீட்டை அவர் எதிரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூடும் முன் செட்டுக்கு உள்ளேயே ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். என்ன மாற்றினோம், எதை அப்போதைக்கு ஒப்பேற்றி வைத்தோம், யார் செய்தது, தேதி. ஒப்பேற்றியதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அதே வரியை வெளியிலும், மைக் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், செட்டில் பேசுகிறவன் கண்ணில் படுகிற மாதிரி ஒட்ட வேண்டும்.

ஒருமுறை விராலிமலை ஸ்டேஷன் செட்டில் ஒரு ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி அனுப்பிவிட்டேன். காகிதம் ஒட்ட மறந்துபோனது. மறுநாள் காலையில் ஆறுமுகம் சார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சுப்பையா, விராலிமலைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுங்க?"

"அடிக்கடி இருக்கு சார். எதுக்கு சார்?"

"போயி ஒரு காகிதம் ஒட்டிட்டு வந்துருங்க. வேற வேல ஒண்ணும் வேணாம் இன்னைக்கி."

போனேன். ஃபியூஸும் கையோடு கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். அரை நாள் போயிற்று. காகிதம் ஒட்ட ஒரு ஆளை பஸ் ஏற்றி அனுப்புகிறாரே, என்ன மனுஷன் இவர் என்று வழியெல்லாம் வைதுகொண்டே போனேன். இப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுத்திருக்க மாட்டேன். அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது.

இனி சவரிமுத்து சார். மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பரீட்சை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கினார். தொண்டையில் ஏதோ ஒரு ஆபரேஷன் ஆனதில் குரல் கம்மிப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் குரல் ரேடியோவில் ஏறி எங்கே போய்ச் சேரும்? காலை ஏழு மணிக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுகிற நெட்டில் அவர் கூப்பிடுவார், கூப்பிடுவார், ஒருவர் காதிலும் விழாது. ஆளைக் காணோம் என்று நாங்கள் அடுத்தவருக்குப் போய்விடுவோம்.

அந்த நேரத்தில்தான் வளைகுடாவில் வேலை பார்த்த அவர் மச்சான் ஒரு பழைய ஸ்பீச் பிராசஸர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மைக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மாட்டுகிற சின்னப் பெட்டி. மனிதக் குரலில் ஏற்ற இறக்கம் இருக்கிறது அல்லவா, அதில் இறங்கிப் போகிற இடங்களையெல்லாம் தூக்கி ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும். ரேடியோவின் முழு பவரும் பேச்சு முழுக்க வேலை செய்யும். கம்மிய குரலும் காதில் விழும். பெட்டியின் முகப்பில் ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் குரல் பெட்டி வழியாகப் போகும், மறு பக்கம் தள்ளினால் பெட்டியைத் தொடாமல் நேராக ரேடியோவுக்குப் போகும்.

பெட்டி செத்துப்போய்த்தான் வந்தது. என்னிடம் கொண்டுவந்தார். கண்டன்ஸர்களை மாற்றி உயிர் கொடுத்தேன். பிராசஸரை எவ்வளவில் வைப்பது என்பதற்கு நான் வைத்திருந்த கணக்கைச் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்கு உதவும். இன்னொரு ரேடியோவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நம் குரலை நாமே கேட்க வேண்டும். மீட்டரைப் பார்க்கவே கூடாது. மீட்டர் எப்போதும் முகஸ்துதிதான் பண்ணும். மைக்கில் பேசுவதற்கு அமுக்குகிற பட்டனை அமுக்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அறையில் ஓடுகிற சுவர்க்கடிகாரத்தின் சத்தம் ஹெட்போனில் கேட்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். கேட்காத வரைக்கும் திருகிக் குறைத்து, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். குரலைத் தூக்குகிற பெட்டிக்குக் குரல் எது, குக்கர் எது என்று தெரியாது. கிடைத்ததையெல்லாம் தூக்கும்.

அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். பதினைந்து நாளில் திரும்பி வந்துவிட்டார்.

"சார், இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க. திருச்சி தாண்ட மாட்டேங்குது."

"ஏத்துனா கரகரன்னு ஆயிரும் சார்."

"ஆனா ஆயிட்டுப் போவுது. கேட்டாப் போதும். இத்தன வருசம் என் பேச்ச யாரு கேட்டா? பையங்க பின்னாடி பெஞ்சுல சிரிப்பாங்க."

எனக்கு மனசு இளகிப் போயிற்று. ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை நெட்டில் அவர் வந்தார். பீரங்கி மாதிரி வந்தார். பேச்சு பாதி புரிந்தது, மீதியை நாங்கள் ஊகித்துக்கொண்டோம். பின்னால் கோழி கூவியது, கடல் இரைந்தது, யாரோ பாத்திரம் துலக்கினார்கள். "என் சிக்னல் எப்படி வருது?" என்று கேட்டார். நெட்டில் இருந்த அத்தனை பேரும் சொன்னோம்: "ஃபைவ் நைன் சார்!"

ஹாம் உலகத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சிக்னல் எப்படி வருகிறது என்பதை இரண்டு எண்ணில் சொல்வோம். முதல் எண், பேச்சு எவ்வளவு புரிகிறது, ஐந்துக்கு. இரண்டாவது, எவ்வளவு பலமாக இருக்கிறது, ஒன்பதுக்கு. ஃபைவ் நைன் என்றால் அட்சரம் பிசகாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி என்று பொருள். இதில் எங்களுக்குள் ஒரு கெட்ட வழக்கம். யார் கேட்டாலும் ஃபைவ் நைன்தான். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோமோ அப்படி. ஒன்றுமே புரியாமல் "ஃபைவ் நைன் சார், உங்க பேரை மறுபடி சொல்லுங்க" என்று கேட்கிற ஆட்கள் எங்களில் உண்டு. சவரிமுத்து சாருக்கு நாங்கள் சொல்ல வேண்டியது த்ரீ நைன். இன்னும் நேர்மையாகச் சொன்னால் டூ நைன். வருஷக்கணக்கில் தினமும் ஃபைவ் நைன் சொன்னோம். சொன்னவர்களில் முதல் ஆள் நான். மூடியைத் திறந்து திருகியவனும் நான்தான்.

அந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர் மனைவி ஆரோக்கியமேரி. மேரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. நான் போனால் முதலில் திட்டு விழும், பிறகு மீன்குழம்பு விழும்.

"அண்ணே, இந்தப் பெட்டி வந்ததுலேருந்து நான் இங்கிட்டு வெங்காயம் நறுக்குனா அங்கிட்டு கொழும்புல கேக்குதாம். இவுகளே பெருமையாச் சொல்றாக. இது நல்லதாண்ணே?"

"நல்லதில்லம்மா."

"அப்பக் கொறச்சு வைங்கண்ணே. நான் வையிறதெல்லாம் ஊரு ஒலகத்துக்குக் கேக்கவா?"

"ஏய், போடீ அங்கிட்டு" என்று சார் சிரித்தார். "ஒனக்குப் பொறாம. எல்லாரும் ஃபைவ் நைன் குடுக்குறாங்க எனக்கு."

"ஆமா, ஒங்க கூட்டாளிக ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு குடுக்குறாக. நான் பக்கத்துல இருந்து கேக்கேன்ல, எனக்கே புரியல."

நான் மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துகொண்டேன். அந்த அம்மாள் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். பெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திருப்புளி பையில் இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புயலுக்கு எட்டு மாதம் முன்பு மறுபடி கூப்பிட்டார். மைக் விட்டு விட்டு வேலை செய்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். கடலோர உப்புக் காற்று மைக் பிளக்கின் ஊசிகளைப் பச்சையாக அரித்திருந்தது. முகப்பு ஸ்விட்ச்சும் உள்ளே செத்துப் போயிருந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் தொடர்பு இல்லை. என் பையில் புது பிளக்கும் இல்லை, ஸ்விட்ச்சும் இல்லை. மறுநாள் காலை நெட்டில் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு மைக் வயரை நேராகப் பெட்டிக்குள்ளேயே பற்றவைத்தேன். மைக்கைப் பிடுங்கி நேராக ரேடியோவில் மாட்ட இனி வழியில்லை. ஸ்விட்ச்சின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிவப்புத் துண்டு வயரைப் போட்டு, குரல் எப்போதும் பெட்டி வழியாகவே போகும்படி இணைத்தேன். முகப்பில் ஸ்விட்ச் அப்படியே இருந்தது. தள்ளினால் டக் என்று சத்தமும் கேட்டது. அதனால் ஒன்றும் ஆகாது, அவ்வளவுதான். கணக்கு வாத்தியாருக்கு அது தெரிய வழியில்லை. எப்போதும் பெட்டியோடுதான் பேசுவார், ஸ்விட்ச்சைத் தொடவே மாட்டார்.

"அடுத்த வாரம் ஸ்விட்ச் வாங்கிட்டு வந்து மாத்தித் தாரேன் சார்" என்றேன். எதற்கு மாற்றுகிறேன், மாற்றும் வரை அது வேலை செய்யாது என்பதைச் சொல்லவில்லை. சின்ன வேலை, எதற்கு விளக்கம் என்று நினைத்தேன். பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் காகிதம் ஒட்டவில்லை. ஆபீஸ் செட்டா என்ன, நண்பர் வீட்டுப் பெட்டிதானே.

ஸ்விட்ச்சை அந்த வாரமே வாங்கிவிட்டேன். கடைக்காரர் கொடுத்த சின்னப் பிளாஸ்டிக் பையோடு என் மேஜை டிராயரில் கிடந்தது. அறந்தாங்கி போய் அங்கிருந்து பஸ் மாறிப் போக வேண்டும், வெயில் தாழட்டும் என்று ஒரு வாரம். மகள் வீட்டில் விசேஷம் என்று ஒரு வாரம். அப்புறம் காரணமே இல்லாமல். சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம்.

எட்டாம் மாதம் ஒரு இரவு புயல் கரையேறியது. விடிந்தபோது மாவட்டத்தில் பாதிக்குக் கரண்ட் இல்லை, செல்போன் கோபுரங்கள் ஊமையாகிவிட்டன. கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில் ஹாம் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தேன். இது மாதிரி நேரத்துக்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் ஒரு பெண் தாசில்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்கள், ஆனால் ஒரு வார்த்தை சிடுசிடுக்கவில்லை. கடலோரத்தில் மரம் அறுக்கிற ஆட்களோடு ஒரே ஒரு ஜீப் மணமேல்குடியில் நின்றது. அதை எங்கே அனுப்புவது என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி.

ஆறு பத்துக்கு சவரிமுத்து சார் வந்தார். சிக்னல் மீட்டர் முட்டிக்கொண்டு நின்றது. காதில் விழுந்தது இரைச்சல். ஓயாத காற்றின் ஊளை, தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம், யாரோ பெண்கள் அழுகிற சத்தம், அதற்குள் எங்கேயோ அவர். பெட்டி அத்தனையையும் அவர் குரல் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தது. பேசுகிறவர் அவர்தான் என்று அந்த இழுவையில் தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"சவரிமுத்து சார், நீங்க வாரீங்க, ஆனா ஒண்ணும் புரியல. நிதானமாப் பேசுங்க, ஓவர்."

இன்னும் சத்தமாகக் கத்தினார். கத்தக் கத்த மோசமானது. திருச்சியிலிருந்து ஒரு ஹாம் நண்பர் குறுக்கே வந்து, தனக்கும் புரியவில்லை என்றார். அலைவரிசையை மாற்றிப் பார்த்தோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவரைக் கேட்கச் சொன்னோம். அரை மணி ஓடிவிட்டது.

"என்னவாம் சார்?" என்றார் தாசில்தார்.

"தெரியலைங்கம்மா. ஏதோ அவசரம்."

"எல்லா ஊர்லயும் அவசரம்தான் சார். என்ன, எங்கன்னு ஒரு வரி கெடச்சா வண்டிய அனுப்பிருவேன். ஒண்ணுமே தெரியாம எப்படி அனுப்ப?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை.

"சார், பிராசஸரை ஆஃப் பண்ணுங்க. பெட்டியில ஸ்விட்ச் இருக்குல்ல, அத அந்தப் பக்கம் தள்ளுங்க. தள்ளிட்டுப் பேசுங்க, ஓவர்."

மறுபடி வந்தார். அதே ஊளை. அதே தகரம்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா சார்?"

அதே ஊளை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிராயரில் கிடக்கிற பிளாஸ்டிக் பை கண்முன் வந்து நின்றது. அவர் அங்கே ஸ்விட்ச்சை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருக்கிறார், டக் டக் என்று.

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கலாம். நாலு திருகாணியைக் கழற்றுங்கள், உள்ளே சிவப்பு வயர் ஒன்று குறுக்கே ஓடும், அதைப் பிடுங்கி இன்னொரு முனையில் சுற்றுங்கள் என்று. சொல்லவில்லை. கை நடுங்குகிற மனுஷர், வேறு வயரைப் பிடுங்கிவிட்டால் இருக்கிற இரைச்சலும் போய்விடும் என்று நினைத்தேன். அது நியாயமான யோசனைதான். ஆனால் அறை நிறைய ஆட்கள், காற்றில் மூன்று மாவட்ட ஹாம்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் கைவேலை இது என்று எல்லார் காதிலும் விழும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. எந்த நினைப்பு முதலில் வந்தது என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. அப்படி யோசித்துக்கொண்டும், "மெதுவாப் பேசுங்க, மைக்க வாயோட ஒட்டி வச்சுப் பேசுங்க" என்று பிரயோசனம் இல்லாததைச் சொல்லிக்கொண்டும் இன்னும் முக்கால் மணிக்கு மேல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற யோசனை எனக்கு வந்தது.

"சவரிமுத்து சார், பேச வேணாம். பட்டனை மட்டும் அமுக்கி விடுங்க. நான் கேக்குறதுக்கு ஆமான்னா ரெண்டு தடவ, இல்லன்னா ஒரு தடவ. புரிஞ்சுதா?"

காற்றின் ஊளை ஒரு துண்டு வந்தது. அறுந்தது. இன்னொரு துண்டு வந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லாம் என் மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"யாருக்காச்சும் அடிபட்டுருக்கா?"

இரண்டு.

"ஒருத்தருக்குத்தானா?"

இரண்டு.

"ஆம்பளையா?"

ஒன்று.

"ஒங்க தெருவா?"

இரண்டு.

"ஒங்க வீடா சார்?"

இரண்டு.

மைக்கைக் கீழே வைத்தேன். தாசில்தார் என் முகத்தைப் பார்த்தார். "கேளுங்க சார்" என்றார் மெதுவாக.

"மேரியம்மாவா?"

ஒரு துண்டு வந்தது. இரண்டாவது துண்டு அறுபடவே இல்லை. பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. அவர் பட்டனை விடாமல் நான் பேச முடியாது. "விடுங்க சார், விடுங்க சார்" என்று மைக்கை அமுக்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விட்டதும் மிச்சத்தைக் கேட்டு வாங்கினேன். ரத்தம் நிற்கவில்லை. கிழக்கு ரோடு அடைத்துவிட்டது, கண்மாய்க்கரை வழி ஜீப் வரலாம். தாசில்தார் அந்தக் கணமே போலீஸ் வயர்லெஸ்ஸில் வண்டிக்குச் சொல்லிவிட்டார். மணி ஏழு நாற்பது. கேள்விகள் அத்தனைக்கும் பிடித்தது ஏழெட்டு நிமிஷம். அதற்கு முன்னால் வீணானது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு ஒன்று காற்றில் பறந்து மேரியம்மாவின் தொடையை வெட்டியிருக்கிறது. தெருப் பெண்கள் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஜீப் வழியில் மரங்களை அறுத்துப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்ததாம். வண்டியில் ஏற்றும்போது, "ரேடியோவ அணச்சிட்டு வாங்க, பேட்டரி தீந்துரும்" என்று புருஷனிடம் சொன்னாராம். அறந்தாங்கி போய்ச் சேரும் முன் உயிர் போய்விட்டது.

அறிக்கை எழுதும்போது 'வானிலை காரணமாகப் பேச்சு தெளிவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்துதான். இரண்டு மாதம் கழித்துப் புதுக்கோட்டையில் ஒரு கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். சமயோசித புத்தி என்றார்கள். சவரிமுத்து சாரும் வந்திருந்தார். மேடைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் அந்த யோசன பண்ணலன்னா அந்த வண்டிகூட வந்துருக்காது சார்."

"சார்..."

"தப்பு என் மேல சார். நான் கத்திட்டேன். பதறாமப் பேசு, பதறாமப் பேசுன்னு முப்பது வருசம் பிள்ளைகளுக்குச் சொன்னவன். நிதானமா நாலு வார்த்த சொல்லியிருந்தா ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கும். பெட்டிய ஆஃப் பண்ணச் சொன்னீங்க, அதக்கூட ஒழுங்காப் பண்ணத் தெரியல எனக்கு."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சால்வையோடு நின்றேன். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அவரைப் பார்க்கப் போவேன். அவர் ரேடியோவைத் தொடுவதில்லை. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பிவிடுவார். நானும் கூடப் போய் வெளிக்கேட்டில் நின்றுவிட்டு பஸ் ஏறுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்றுதான் போவேன். திரும்பி வரும்போது, பாவம், வயதான மனுஷர், இதைச் சொல்லி எதற்கு நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஃபைவ் நைன் கொடுத்துக்கொள்வேன்.

கவிதா கட்டுரை கேட்ட பிறகு அது முடியாமல் போயிற்று. இன்னொரு தடவை பொய்யை அச்சில் ஏற்ற முடியாது. உண்மையை எழுதினால், அவர் அதை மலரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. போன மாதம் கிளம்பிப் போனேன்.

கூரை போய் இப்போது கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டு முடித்தோம். பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். அலமாரியிலிருந்து துடைத்து எடுத்து வந்தார். மூடியைக் கழற்றி அந்தச் சிவப்பு வயரைக் காட்டினேன். ஸ்விட்ச்சைத் தள்ளிக் காட்டினேன். மாற்று ஸ்விட்ச் எட்டு மாதம் என் டிராயரில் கிடந்ததைச் சொன்னேன். அறிக்கையில் எழுதியதைச் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வயரை ரொம்ப நேரம் பார்த்தார். பரீட்சைத்தாளில் பையன் எந்த வரியில் தப்பு விட்டான் என்று தேடுகிற பார்வை.

"அப்ப நான் ஆஃப் பண்ணுனது சரிதான்."

"சரிதான் சார். நீங்க எல்லாம் சரியாத்தான் பண்ணுனீங்க."

"மெதுவாப் பேசியிருந்தாலும்?"

"ஒண்ணும் பெரிசா ஆயிருக்காது சார். அந்தக் காத்துல அந்தப் பெட்டியோட யாரு பேசியிருந்தாலும் புரிஞ்சிருக்காது."

"காலையில ஃபைவ் நைன்னு சொல்லுவீங்களே எல்லாரும்?"

"அது... எல்லாருக்கும் சொல்றதுதான் சார்."

தலையை ஆட்டினார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைப் பொருத்தி, நாலையும் முடுக்கினார்.

"எழுதுங்க சார். பிள்ளைகளுக்குத் தெரியட்டும்" என்றார். திருப்புளியை என் பக்கம் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இத்தன வருசமா தினம் சாயங்காலம் போயி, நான் பதறிட்டேன் மேரி, மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டு வாரேன். அது ஒண்ணுதான் நான் அவகிட்டப் பேசுற பேச்சு. அதுவும் இல்லன்னு சொல்லிட்டீங்க. இனிமே போயி நான் அவகிட்ட என்னத்தப் பேசுறது?"

ஐந்து மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஐந்தரைக்கு என் பஸ். நான் கிளம்பிப் படியிறங்கும்போதும் செருப்பை மாட்டாமல், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.